கூட்டுக் குரலும் தனிக் குரலும்

இசையைப் பற்றி எழுதுவோன் இசை வல்லுநனாக இருத்தல் வேண்டும் என்பது ஒரு கட்சி. உணவைப் பற்றிப் பேசச் சமையற்காரனாக இருக்க வேண்டியதில்லை. பசியும் நாக்கும் இருந்தாற் போதும் என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். ஆயினும் இக்கட்சியினருக்கும் ஒரு கடமை உண்டு. நன்று என்றோ தீது என்றோ சொல்லி நின்றுவிடலாகாது. எதனால் நன்று, எதனால் தீது என்று காரணம் காட்டல் வேண்டும். காரணம் காட்டாத புகழ்ச்சி முகமன். காரணம் காட்டாத இகழ்ச்சி காழ்ப்பு. இவ்விரண்டும் நம்மவரிடையே மலிந்து கிடக்கின்றன.

இளையராஜா அவர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சிம்பொனியில் திருவாசகம்' என்னும் இசைப்பதிவு இவ்விரண்டையும் நிரம்பப் பெற்றது. "இதுபோல் முன்னும் இல்லை, பின்னும் இல்லை" என்றார் சிலர். "திருமுறையைத் தீட்டுப்படுத்தினார்" என்றார் சிலர். முன்னவர் பலரும் அதனை முழுதும் கேட்டிலர்; பின்னவர் பலரும் கேட்கவே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. ஆரவாரம் அடங்கிய பின்னரே தராசின் முள் நிலைகொள்ளும். ஆகலின் அப்பதிவைக் கெடாவின் தோட்டத்து மக்களும் நகரத்து மக்களும் எவ்வாறு மதிப்பிடலாம் என்பதை இங்கே ஆராய விழைகின்றேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மாணிக்கவாசகர் அருளிய திருவாசகம் எட்டாம் திருமுறையில் அடங்குவது. ஐம்பத்தொரு பகுதிகளை உடையது. அவற்றினின்றும் ஆறனைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் சில பாடல்களையோ சில அடிகளையோ எடுத்து, ஹங்கேரி நாட்டுத் தலைநகராகிய புடாபெஸ்டின் சிம்பொனி வாத்தியக் குழுவைக் கொண்டு இசையமைத்திருக்கிறார். யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப் பத்து என்பன அவை. இடையிடையே வரும் ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் என்னும் அமெரிக்கர். மேடை இசை நாடகங்களால் புகழ் பெற்றவர். முதன்மைக் குரல் இளையராஜாவினுடையதே.

பெயரைப் பற்றி ஒரு சொல். சிம்பொனி என்பது பெரும்பாலும் வாத்தியங்களுக்கே உரிய நெடும் படைப்பு. பல பகுதிகளாகப் பிரிந்து, ஒரு கருத்தை வளர்த்தும் மாற்றியும் முடிவிற்குக் கொண்டு செல்வது. அதனுட் குரலைப் புகுத்திப் பெருவழி திறந்தவர் பேத்தோவன். 1824இல் வியன்னா நகரில் அரங்கேறிய அவருடைய ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் பாடகரும் பெருங்குழுவும் எழுந்து பாடினர். சமயப் பொருளைத் தனிக் குரலும் கூட்டுக் குரலும் வாத்தியமும் கொண்டு, வேடமும் நடிப்பும் இன்றிப் பாடுவதற்கு ஓரட்டோரியோ என்று வேறொரு பெயர் உண்டு. 1742இல் டப்ளின் நகரில் முதன்முதல் பாடப்பெற்ற ஹாண்டலின் 'மெசையா' அவ்வகையினது. இளையராஜாவின் திருவாசகம் இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது என்பதே நேர்மையான தீர்ப்பு. சிம்பொனி என்று சொல்லத்தக்கது அவர் பின்னர் இயற்றி, 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேற்றிய 'வேலியண்ட்' ஆகும். அதில் வாத்தியங்களே பேசின.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நமக்குப் பெயரில் மயங்கும் நோய் உண்டு. இராசேந்திர சோழன் 1025இல் கடாரத்தின்மேல் படையெடுத்தான் என்பதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம்; அதே கடாரத்து மண்ணில் பால்மரக் காட்டை அழித்தும் வளர்த்தும் மடிந்த நம் பாட்டன் பாட்டியரின் பெயர்களை நம்மிற் பலர் அறியோம். பெரும் பெயரை வணங்கி உட்பொருளை விட்டுவிடும் வழக்கம் இசையிலும் வேண்டாம். சிம்பொனி என்பதற்காக இதனைப் போற்றவும் வேண்டா. சிம்பொனி அன்று என்பதற்காகத் தூற்றவும் வேண்டா. உள்ளே இருப்பதைக் கேட்போம்.

இத்தகைய பெருமுயற்சியை அளக்க அளவுகோல் ஒன்று வேண்டும். அதனை மேலை நாட்டிலிருந்தே எடுக்கலாம். குஸ்தாவ் மாலர் என்பார் இயற்றிய எட்டாம் சிம்பொனி 1910 செப்டம்பர் 12ஆம் நாள் மியூனிக் நகரில் அரங்கேறியது. எட்டுத் தனிப் பாடகர், இரண்டு பெருங் குழுக்கள், சிறார் குழு, ஆர்கன், மிகப் பெரிய வாத்தியக் கூட்டம் என ஆயிரம் பேருக்கு மேற்பட்டோர் மேடையேறினர். 'ஆயிரவர் சிம்பொனி' என்று விளம்பரத்தார் இட்ட பெயர் மாலருக்கு உவப்பாக இல்லை. அவர் எடுத்துக்கொண்ட பாடல் யாது? முதற் பகுதிக்கு ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இலத்தீன் துதிப்பாடல். இரண்டாம் பகுதிக்குக் கதே எழுதிய 'ஃபௌஸ்ட்' நாடகத்தின் முடிவு. மாணிக்கவாசகரையும் ஆராய்ச்சியாளர் பலர் ஒன்பதாம் நூற்றாண்டினராகவே கொள்வர். ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒருவரை ஒருவர் அறியாத இரு மொழிகளில், உள்ளிருந்து உருக்கும் ஒன்றை நோக்கி எழுந்த இரண்டு குரல்கள்! ஆயிரம் ஆண்டு கழித்து இரண்டும் வாத்தியக் கடலில் இறங்கின. ஒப்பிடத் தகுதி உடையன என்பதற்கு இது போதும்.

ஒற்றுமை இவ்வளவே. வேற்றுமை பெரிது. மாலரிடத்தில் கூட்டமே பேசுகிறது. தனி மனிதன் அக்கூட்டத்தினின்றும் எழுந்து மீண்டும் அதனுள் அமிழ்கிறான். திருவாசகத்திலோ தனி மனிதனே பேசுகிறான். அமைச்சுப் பதவியைத் துறந்து வெளியேறிய ஒருவன், தன் சிறுமையைத் தானே எடுத்துக் காட்டி அழுகிறான். தனியே அழுபவனுக்கு ஆயிரம் பேர் எதற்கு? இளையராஜாவின் படைப்பு விடை காண வேண்டிய கேள்வி இதுவே. ஒவ்வொரு பகுதியையும் இக்கேள்வி கொண்டே நான் அளக்கிறேன்.

அண்மையில் சுங்கைப் பட்டாணியில் அன்பர் சிலர் கூடி இப்பதிவை முதலிலிருந்து முடிவு வரை கேட்டோம். கைத்தொலைபேசியின் சிறு துளை வழியே கேட்பது பெருமழையைத் தகரக் குவளையில் பிடிப்பது போலாகும் என்பதால், உறுமி மேளக் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் ஒலிப்பெட்டிகள் இரண்டைக் கொணர்ந்தார். பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டிய அம்மையார் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், அலோர் ஸ்டாரில் அலுவல் பார்க்கும் இருவர், பள்ளிப் பிள்ளைகள் சிலர் எனப் பத்துப் பன்னிருவர் இருந்தோம். பேசாமல் கேட்பது, கேட்ட பின் பேசுவது என்பது ஏற்பாடு. ஏற்பாடு சிவபுராணம் வரையில்தான் நின்றது.

முதலில் யாத்திரைப் பத்து. புறப்படுவோம் வாருங்கள் என்று அடியாரை அழைக்கும் பதிகம் இது. திருவாசகத்திலேயே கூட்டத்தை நோக்கிப் பேசும் இடங்களுள் ஒன்று. ஆதலின் பெரும் வாத்தியக் குழு இங்கே இயல்பாகப் பொருந்துகிறது. பலர் கால்கள் ஒன்றாக எழுந்து நடக்கும் உணர்ச்சி தோன்றுகிறது. தொடக்கத்திற்கு இதனைத் தேர்ந்தது நல்ல அறிவு.

மேலை இசையின் உயிர்நிலையாகிய ஹார்மனியை இங்கே நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டி வந்தது. நம் இசையில் எல்லாரும் ஒரே தடத்தில் நடப்போம். அவர்கள் இசையிலோ ஒவ்வொரு வாத்தியமும் தன் தன் தடத்தில் நடக்கும். ஆயினும் போய்ச் சேருமிடம் ஒன்று. உடனே அந்த அம்மையார், "அவனவன் நிரையிலே அவனவன் வெட்டுறான், எல்லாப் பாலும் ஸ்டோருக்குத்தானே வருது, தம்பி" என்றார். இதனினும் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

அடுத்து வந்தது சிவபுராணம். ஏறக்குறைய இருபது நிமிடம் நீள்வது. இப்படைப்பின் உயர்வும் தாழ்வும் இதனுள்ளேயே அடங்கியிருக்கின்றன. தொண்ணூற்றைந்து அடிகள் உடைய அந்தப் பாட்டைத் தமிழர் ஓதும் முறை யாவரும் அறிந்ததே: ஏற்ற இறக்கம் மிகாமல், வாய்ப்பாடு சொல்வது போல் ஒரே சீராகச் சொல்லிச் செல்வார்கள். அந்தச் சீரில் பொருள் உறங்கிவிடும். இளையராஜா அதனை எழுப்பினார். தன்னைப் பொல்லாதவன் என்று சொல்லிக்கொள்ளும் அடியை எடுத்து, மெல்லிய தந்தி வாத்தியங்களின்மேல் தம் முதிர்ந்த குரலை வைக்கிறார். அது பயிற்சி பெற்ற மேடைக் குரலன்று, வழவழப்பு இல்லாதது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலுக்கு வழவழப்பு எதற்கு?

உயிர் புல்லாய், பூண்டாய், புழுவாய், மரமாய், பலவாய்ப் பிறந்து களைத்த வரலாற்றைச் சொல்லும் இடம் வந்ததும் வாத்தியங்கள் அலை அலையாய் எழுகின்றன. அந்த இடத்தில்தான் பேசாமை ஏற்பாடு முறிந்தது. அம்மையார் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்: "அதே பெரட்டு, அதே மரம், அதே வாளி. எத்தனை வாட்டி!" ஆசிரியர் திரும்பிப் பார்த்தார், மறுக்கவில்லை. பிறவிக் களைப்பைப் பற்றி நூல் எழுதியோர் பலர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் நிரை நிரையாய் நடந்து, முப்பது ஆண்டுக்குப் பின் சொந்தமாக ஒரு கூரையும் இல்லாமல் வெளியேறியவருக்கு அக்களைப்பின் உரை வேண்டியதில்லை. பாட்டு அவரிடம் நேராகப் போய்ச் சேர்ந்தது. சேர்த்தது வாத்தியப் பெருக்கமே. வெறும் ஓதலில் அவ்வடிகளை அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்.

ஆக, தனியே அழுபவனுக்கு ஆயிரம் பேர் எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. அழுகை தனி ஒருவனுடையது அன்று என்று காட்டுவதற்கே கூட்டம்.

ஆயினும் இப்பகுதியின் குறையையும் மறைத்தல் தகாது. மேலைநாட்டுக் குழுவினர் ஆங்கில வரிகளைப் பாடும் இடங்களில் ஒலி அழகாக இருக்கிறது. பொருள் சிறிது விலகுகிறது. ஆங்கில வரிகள் குறையுடைய மனிதன் தூயதொன்றை எட்ட இயலுமோ என்று ஏங்குகின்றன. தமிழ் அடிகளின் ஏக்கம் அது மட்டுமன்று. மீண்டும் மீண்டும் பிறந்து இளைத்த ஏக்கம் அது. முன்னது நாணம், பின்னது சோர்வு. ஜி. யு. போப் 1900ஆம் ஆண்டில் திருவாசகம் முழுமையையும் ஆங்கிலத்தில் தந்தபோது அவருக்கும் இவ்விடர்ப்பாடு இருந்திருக்கும். ஒரு நாட்டு மண்ணை மற்றொரு நாட்டுப் பானையில் நிரப்பலாம். பானையின் வடிவம் மண்ணில் ஏறாமற் போகாது.

தமிழாசிரியர் ஆங்கிலமே கூடாதென்றார். உறுமிக்கார இளைஞர், "ஐயா, எங்களுக்குத் திருவாசகம்னா சாவு வீட்டுல போடுற கேசட்டு. இங்கிலீஷைக் கேட்டப்புறந்தான் இது என்ன சொல்லுதுன்னு தேடிப் பார்த்தேன்" என்றார். இருவரும் உண்மை பேசினர். வாயிலாக இருக்குமட்டும் ஆங்கிலம் நன்று. வாயிலிலேயே குடியிருந்து வீட்டுக்குள் புகாதவன் நிலைதான் இரங்கத்தக்கது.

மற்ற நான்கனையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருக்கோத்தும்பி வண்டை நோக்கிப் பேசும் பாட்டு; சிறிய உயிரோடு உரையாடும் அந்த எளிமை நாட்டுப்புற மெட்டின் சாயலில் நன்கு வெளிப்படுகிறது. பிடித்த பத்து, குழந்தை தாயைப் பற்றிக்கொண்டது போன்ற பாட்டு. பெரும் வாத்தியங்கள் இங்கே அடக்கம் காட்டுகின்றன. இவ்வடக்கமே ஆசிரியனின் முதிர்ச்சிக்குச் சான்று. நூறு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு அவர்களைப் பேசாதிருக்கச் சொல்வது எளிதன்று. அச்சப் பத்து வீறுகொண்டு எழுகிறது. ஆனால் இங்கே வாத்தியம் ஓங்கும் சில இடங்களில் சொல் அமிழ்ந்துவிடுகிறது. தமிழில் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும். மலை மாலையாகும், மனம் மானமாகும். சொல் கேட்காத தமிழ்ப் பாட்டு கை இழந்த தச்சனை ஒக்கும். ஒலிப்பதிவாளர் குரலை இன்னும் ஒரு படி உயர்த்தியிருக்கலாம் என்பது என் கருத்து.

திருப்பொற்சுண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். மகளிர் கூடி உலக்கை பிடித்து நறுமணப் பொடி இடிக்கும்போது பாடுவதாக அமைந்தது அது. ஆறு பகுதிகளுள் இது ஒன்றே உழைப்புப் பாட்டு. யாழ்ப்பாணத்துச் சைவர் இதனை இறந்தவர் வீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடும் வழக்கமுடையவர். மகிழ்ச்சிப் பாட்டு சாவு வீட்டிற்குப் போயிற்று. இப்பதிவு அதனை மீண்டும் மகளிர் முற்றத்திற்குக் கொணர்ந்தது. தாளம் உலக்கையின் தாளமே. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் தாமாகவே கை தட்டினர். எவரும் கற்பிக்கவில்லை.

இந்த உழைப்புத் தாளம் இவருக்கு எங்கிருந்து வந்தது? இளையராஜா தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர். சாதி அடுக்கில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தவர். அவர் தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளின் பாடகர். 1958இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரிடையே பாடிப் புகழ் பெற்றவர். அத்தமையனாரின் குழுவில் ஊர் ஊராகச் சென்று பாடியே இளையராஜா இசை பயின்றார். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்றார். தோட்டத் தொழிலாளர் முன் பாடி வளர்ந்த குழு தந்த பிள்ளை அவர். புடாபெஸ்டுக்குச் சென்ற இசையின் வேர் லயத்து வாசலில் இருக்கிறது என்பதை நம் தோட்டத்துத் தோழர்கள் அறிந்திருத்தல் நன்று.

திருமுறையைத் தீட்டுப்படுத்தினார் என்றவர்க்கு ஒரு வினா. மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல இறைவனே ஏட்டில் எழுதினான் என்று மரபு கூறும் தில்லையில் என்ன நிகழ்ந்தது? திருச்சிற்றம்பல மேடையில் நின்று தமிழ்த் திருமுறை பாட ஆறுமுகசாமி என்னும் முதிய சிவனடியார் ஆண்டுக்கணக்கில் போராடினார். தமிழக அரசு 2008 பிப்ரவரித் திங்களில் ஆணை பிறப்பித்து, மார்ச்சுத் திங்களில் காவலர் சூழ்ந்து நிற்க அவர் பாட வேண்டியிருந்தது. மொழி தெரியாத ஹங்கேரியர் 2005இலேயே தம் வில்லையும் குழலையும் திருவாசகத்திற்குக் கொடுத்துவிட்டனர். தமிழ் ஓதத் தமிழன் கோயிலில் காவலர் தேவைப்பட்டது. தீட்டு எங்கே இருந்தது என்பதை வாசகரே முடிவு செய்க. கடவுள் உண்டு என்பார்க்கும் இல்லை என்பார்க்கும் இவ்வொரு செய்தியில் கருத்து வேறுபாடு இருக்க இடமில்லை. தமிழிசை வேண்டுமென்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்ட பெரியோர், அறுபது ஆண்டு கழித்தும் இப்படியொரு காட்சியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி என் தீர்ப்பு. இஃது ஓரட்டோரியோ; சிம்பொனி அன்று. ஆறு பகுதிகளும் தனித்தனி மணிகள். ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்து முடிவை நோக்கிச் செல்லும் கட்டமைப்பு, மாலரிடத்தும் பேத்தோவனிடத்தும் காண்பது போல, இதில் இல்லை. ஆங்கில வரிகள் துணை செய்த அளவு தடையும் செய்கின்றன. சில இடங்களில் சொல் அமிழ்கிறது. இவை குறைகள். சிவபுராணத்தின் உயிர்த்துடிப்பும், பொற்சுண்ணத்தின் உழைப்புத் தாளமும், பிடித்த பத்தின் அடக்கமும் இக்குறைகளை விஞ்சி நிற்கின்றன. தமிழ் மொழியின் தனிக் குரல் ஒன்றை உலகப் பெருவாத்தியத்தின் நடுவே நிறுத்தி, அது சிறுத்துப் போகாமற் காத்தது அரிய செயல். கேட்கத் தக்கது, ஒரு முறைக்கு மேலும் கேட்கத் தக்கது.

ஆனால் கேட்பதோடு முடிந்துவிடலாமா? ஒரு காலத்தில் தோட்டத்தில் கூட்டுக் குரல் இருந்தது. நடவு தெரிந்த கைகள் பால்வெட்ட வந்தபோது பாட்டையும் கொண்டுவந்தன. கோயில் பசனையில் லயத்து மக்கள் அனைவரும் பாடினர். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; மக்கள் கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி என்று தாமான் வீடுகளுக்குச் சிதறினர். இன்று கோயிலில் ஒலிபெருக்கி பாடுகிறது. நாம் கைகட்டிக் கேட்கிறோம். பாடிய மக்கள் கேட்கும் மக்களாகிவிட்டோம். உரிமை இழப்பும் இப்படித்தான் தொடங்கும். முதலில் நமக்காக வேறொருவர் பாடுவார். பிறகு நமக்காக வேறொருவர் பேசுவார்.

திருமுறை ஓதும் போட்டிகள் நம் நாட்டில் நடைபெறுகின்றன. பிள்ளைகள் பரிசும் பெறுகின்றனர். அவற்றைக் குறை கூறவில்லை. ஆனால் போட்டி தனி ஒருவனை மேடையேற்றி மற்றவரை இறக்குவது. தமிழ்ப் பள்ளிதோறும் நாற்பது பிள்ளைகள் ஒருங்கே நின்று பாடும் குழு ஒன்று ஏன் இருக்கக் கூடாது? ஒரு பாதியினர் ஒரு தடத்திலும் மறு பாதியினர் வேறு தடத்திலும் பாடக் கற்பிக்க ஒரு ஆர்மோனியமும் பொறுமையுள்ள ஆசிரியரும் போதும். பொற்சுண்ணத்தைப் பாடட்டும், குறளைப் பாடட்டும், பாரதியையும் பாரதிதாசனையும் பாடட்டும், பாட்டியின் தாலாட்டையும் பாடட்டும். உறுமியும் பறையும் பக்கத்தில் நிற்கட்டும். அவற்றைத் தெருவோடு நிறுத்தும் பழைய வழக்கம் பள்ளி வாசலிலேனும் ஒழியட்டும்.

மியூனிக் நகரத்து ஆயிரவரும் ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்கியவர் அல்லர். சிறு வயதிலேயே தம் ஊர்க் குழுவில் பக்கத்திலிருப்பவன் குரலைக் கேட்டுத் தன் குரலைச் சரிசெய்யக் கற்றவர்கள். பக்கத்திலிருப்பவன் குரலைக் கேட்டல் இசைக்கு முதற் பாடம். சங்கத்திற்கும் சமுதாயத்திற்கும் அதுவே முதற் பாடம். அப்பாடத்தை நம் பிள்ளைகள் கற்றுவிட்டால், பதிவைக் கேட்டு நாம் மதிப்பிட்டது வீண்போகாது.